நவச்சார மிட்டாய்

என் தங்கை ரிக்கேயைக் காட்டிக்கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளே வந்து சொல்லிவிடுவாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரிக்கே ஆர்ஹூஸ் நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறாள், பத்தொன்பது வருஷமாக. அன்று மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, காபி குடிக்கலாம் என்று எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். கால் எழுந்திருக்கவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தவளை, அடுத்த நடைக்கு வந்த டிரைவர்தான் கண்டுபிடித்தார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவள் கையில் ஊசி வழியாகப் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்ததாம். அது குறைந்தால் தசை வேலை செய்யாது. இன்னும் குறைந்தால் இதயமும் ஒரு தசைதான் என்பது ஞாபகத்துக்கு வரும். டாக்டர் களைத்துப்போய் இருந்தார். கையில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏதாவது விசேஷமா சாப்பிடுவீங்களா?"

"விசேஷமா ஒண்ணும் இல்லயே" என்றாள் ரிக்கே.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது பிறவியிலேயே வராது. "ஏன்டி மறைக்கிற? அதிமதுர மிட்டாய், டாக்டர். நவச்சாரம் போட்டது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் காலி பண்ணுவா."

டாக்டரின் முகம் தெளிந்துவிட்டது. எங்கள் நாட்டில் நடக்கத் தெரிந்த குழந்தை முதல் எல்லாரும் அந்தக் கறுப்பு மிட்டாயைச் சப்புகிறோம். அதில் தூவுகிற நவச்சாரம் நெடி அடிக்கிற ஓர் உப்பு; வெளிநாட்டுக்காரர்கள் வாயில் போட்ட வேகத்தில் துப்பிவிடுவார்கள். அதிமதுரம் அளவுக்கு மீறினால் பொட்டாசியம் இறங்கும் என்பது எங்கள் டாக்டர்களுக்கு மனப்பாடம். அதனால் அவர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. 'காரணம்: அதிமதுரம்' என்று எழுதினார். மிட்டாயை விடச் சொல்லி, மாத்திரை கொடுத்து, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரிக்கே மிட்டாயை விட்டாள். விட்டதாகச் சொன்னாள். பிப்ரவரி கடைசியில் வீட்டு மாடிப்படியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் பொட்டாசியம், மறுபடியும் ஊசி. இந்தத் தடவை டாக்டர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்காங்களான்னு பாருங்க" என்றார். பதிவில் 'மறைவான பழக்கம்?' என்று ஏறியது.

அந்தக் கேள்விக்குறிதான் வினையாகப் போனது. பஸ் கம்பெனியின் டாக்டர் மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இன்ன நோய், இன்ன மருந்து, இனி வராது என்று காகிதம் இருந்தால் ரிக்கே மறுபடி வண்டி ஓட்டலாம். ரகசியமாக எதையோ தின்று தன்னைத்தானே முடக்கிக்கொள்கிற ஆள் என்றால், அறுபது பேரை ஏற்றிய வண்டியை யார் அவள் கையில் கொடுப்பார்கள்? நானே கொடுக்க மாட்டேன்.

நான் தேடினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தேடினேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய கோட்டுப் பைகள், காலணி வைக்கிற பெட்டி, மாவு டப்பா எல்லாவற்றிலும் கையை விட்டுத் துழாவினேன். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி செய்கிற காரியமா இது?

"என்னக்கா தேடற?"

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் நின்றிருந்தாள்.

"சாவி."

"யாரு சாவி? மாவு டப்பாவுலயா?" கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வாயில என்ன?"

உதட்டை இறுக மூடிக்கொண்டேன். கன்னத்துக்குள் ஒரு மிட்டாய் இருந்தது.

"ஊது பாப்போம். ஊதுன்னா ஊது!" ஊதினேன். "அடிப்பாவி! நவச்சாரம்! என் பையத் துழாவறப்போ நீ நவச்சார மிட்டாய் சப்பிட்டு நிக்கற. வெக்கமா இல்ல உனக்கு?"

"எனக்கு லேப்ல காத்து காய்ஞ்ச காத்துடி. தொண்ட வறண்டு போகுது."

"எனக்கும் பஸ்ல ஹீட்டரு. எனக்கும்தான் வறண்டு போச்சு. நான் தின்னா திருட்டு, நீ தின்னா மருந்தா?" மேஜையில் கிடந்த ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை அள்ளி என் மார்பில் திணித்தாள். "போக்கா. நீதான லேப்ல இருபத்தெட்டு வருஷமா குப்ப கொட்டற? இதப் படி. பாக்கெட்ட அப்புறம் படிக்கலாம்."

வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். கோபத்தில் என் குடையைக்கூட உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் காகிதங்களைப் பிரித்தேன். சண்டையை நினைத்துப் பொருமிக்கொண்டுதான் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் பொருமல் நின்றுவிட்டது. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் காரத் தன்மைக்குப் போகும். ரிக்கேயின் அழுத்தமோ இறங்கிக் கிடந்தது. ரத்தம் அமிலமாக இருந்தது. இரண்டும் தலைகீழ். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

என் வேலையைச் சொல்லவில்லையே. சிறுநீரக ஆராய்ச்சி லேபில் நான் டெக்னீஷியன். எலியின் சிறுநீரகத்தை முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. லேபின் தலைவன் எஸ்பென். வாரத்தில் பாதி நாள் பக்கத்துக் கட்டடத்தில் சிறுநீரக டாக்டர், பாதி நாள் எங்களோடு. மாணவனாக வந்தபோது அவனுக்குக் கத்தி பிடிக்கவே வராது. இப்போது பேராசிரியர், ஆனால் எனக்கு அவன் இன்னும் 'நீ, வா, போ'தான். அவன் மட்டும் என்னை நீங்க என்பான்.

மறுநாள் காலை அவன் கோட்டைக் கழற்றுவதற்குள் காகிதத்தை நீட்டினேன்.

"இது அதிமதுரம் இல்ல" என்றான், நின்றுகொண்டே. எனக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. "ஆனா டோர்த்தே, அவசரப்படாதீங்க. அமிலம் ஏறி, பொட்டாசியம் எறங்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ரகசியமா பேதி மாத்திர போடறது. ரெண்டாவது, நுண்குழல் கெட்டுப்போறது."

"பேதி மாத்திரையா? அவளா? இருமல் மருந்தையே சிங்க்ல ஊத்தறவ அவ."

"அக்கா சொன்னா காயிதத்துல ஏறாது. ஏற்கெனவே ஒரு தடவ அக்கா சொன்னதுதான் ஏறியிருக்கு."

சுருக்கென்று இருந்தது, ஆனால் அவன் சொன்னது நியாயம்தான்.

சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்குழல்கள் உண்டு. ரத்தம் வடிந்து வருகிற நீர் அவற்றின் வழியாகப் போகும்போது, வேண்டியதைக் குழலின் சுவர் உள்ளே இழுத்துக்கொள்ளும், வேண்டாததை வெளியே தள்ளும். குழலின் கடைசிப் பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் இருக்கின்றன. அமிலத்தை வெளியே தள்ளுகிற பம்பு அவற்றிடம்தான் இருக்கிறது. கிருமியோடு சண்டை போட உடம்பு எதிர்ப்பொருள் செய்கிறது அல்லவா? சில பேருக்கு அந்த எதிர்ப்பொருள் ஆள் தெரியாமல் சொந்த வீட்டுச் செல்லிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பம்பு செல்லில் ஒட்டினால் அமிலம் உள்ளேயே தங்கிவிடும், அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் வெளியே போய்விடும். வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் அது எல்லாரிடமும் பிடிபடுவதில்லை. ரிக்கேயின் ரத்தத்திலும் பிடிபடவில்லை.

"நம்ம சீவல்ல அவ சீரத்த விட்டுப் பாக்கலாமே" என்றேன். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கிற தெளிநீர்; அவளுடையதில் அப்படிப்பட்ட எதிர்ப்பொருள் இருந்தால், எலிச் சிறுநீரகச் சீவலிலும் அதே செல்களைத் தேடி ஒட்டும். மேலே பச்சையாக ஒளிர்கிற சாயத்தை விட்டால் அந்தச் செல்கள் மட்டும் ஒளிரும்.

எஸ்பென் யோசித்தான். "செய்யலாம். ஆனா அடையாள எழுத்து நான்தான் போடுவேன். எது யாருதுன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. உங்க தங்கச்சியாச்சே, இருட்டுலகூட உங்க கண்ணுக்கு வெளிச்சம் தெரியும்."

ரிக்கே ரத்தம் கொடுக்க வந்தாள். என்னோடு பேசவில்லை. ஊசியை நான் குத்தினபோது, "பாத்து, உள்ள மிட்டாய் ஏதாச்சும் தட்டுப்படுதான்னு பாரு" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு ஸ்லைடுகள், ஏ முதல் எஃப் வரை. ஒன்றில் ரிக்கே. இரண்டில் எங்களிடம் ஏற்கெனவே இருந்த, வேறு நோய் உள்ளவர்களின் சீரம். இரண்டில் சீரமே இல்லாமல் வெறும் சாயம். ஒன்றில் N. N என்றால் நார்மல், நோயில்லாத ஆள். எங்கள் லேபில் அந்த N நான்தான். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும் என்றால் லேப் ஆட்களே கொடுப்பது வழக்கம். இருபது வருஷமாக என் ரத்தம்தான் அந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது. என் ஐம்பதாவது பிறந்த நாளுக்குக் கேக்கில் குட்டித் தேசியக் கொடிகளுக்கு நடுவே பெரிய N ஒன்றைச் சர்க்கரையில் செய்து வைத்தார்கள். பெருமைதான், வேறென்ன. பழைய சரக்கு நவம்பரில் தீர்ந்துபோகிற நிலைமைக்கு வந்ததால், ஜனவரியில் புதிதாக எடுத்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, எல்லாரும் ரொட்டியும் வெண்ணெயுமாக உட்கார்ந்திருந்தபோது, நான் இருட்டறைக்குள் போனேன். ஏ கறுப்பு. பி கறுப்பு. சி வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். கறுப்புக்கு நடுவே குழல்களின் ஓரத்தில், ஒன்று விட்டு ஒன்று, செல்கள் பச்சைப் பசேலென்று நின்றன. மற்றச் செல்களில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பம்பு செல்கள்! பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. ரிக்கேதான் இது, என் தங்கம், நீ பொய் சொல்லவில்லை என்று வாய்விட்டே சொன்னேன். டி கறுப்பு.

ஈயும் ஒளிர்ந்தது.

கொஞ்சம் மங்கல். ஆனால் அதே செல்கள், அதே ஒன்று விட்டு ஒன்று. எஃப் கறுப்பு.

எஸ்பென் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தான். "சி, ரிக்கே" என்றான். நான் கை தட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "ஈ, N."

"தப்பா எழுதியிருக்க."

"எழுதல."

"மாத்தி ஒட்டியிருக்க. உனக்குக் கத்தியே பிடிக்கத் தெரியாது, ஸ்லைடு பிடிக்க மட்டும் தெரியுமா?"

"டோர்த்தே."

"என்ன டோர்த்தே? என் ரத்தம் இருபது வருஷமா கறுப்பு. அமாவாச மாதிரி கறுப்பு."

"தெரியும்" என்றான் அவன். "அதான் பிரச்சின. நல்லா இருக்கற ஆளோட ரத்தமும் ஒளிருதுன்னா, ஒளிர்றதுக்கு அர்த்தமே இல்ல. சாயம் சும்மா ஒட்டியிருக்குன்னு சொல்லுவாங்க. இத வெச்சு நான் ரிக்கேக்குக் கையெழுத்துப் போட முடியாது."

அடுத்த வாரம் முழுக்க நான் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. சாயத்தை மாற்றினேன். புது எலி, புதுச் சீவல். கழுவுகிற நீரைக்கூட மாற்றினேன். ரிக்கே ஒளிர்ந்தாள், நானும் ஒளிர்ந்தேன். எஸ்பெனின் கையைப் பிடித்து இழுத்து ரத்தம் எடுத்தேன். அவன் கறுப்பு. மாடியில் வேலை பார்க்கிற மூன்று பேரிடம் கெஞ்சி எடுத்தேன். மூன்றும் கறுப்பு. கடைசியில் குளிர்பெட்டியின் அடியில், பனிக்கட்டியைச் சுரண்டி, பதினொரு வருஷத்துக்கு முந்தைய என் சொந்தக் குப்பி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதையும் இந்த ஜனவரிக் குப்பியையும் பக்கத்துப் பக்கத்துச் சீவலில் விட்டேன். பழைய நான் கறுப்பு. புதிய நான் பச்சை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி மேஜை இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். லேபில் எதுவும் சாப்பிடக் கூடாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டினதே நான்தான். ஆனாலும் வாய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டேன்.

"எத்தன வருஷமா இதச் சப்பறீங்க?" எஸ்பென் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். இருட்டில் அவன் எப்போது வந்தான் என்றே தெரியவில்லை.

"ஏன், ரூல் படிச்சுக் காட்டப் போறியா?"

"இல்ல. கேக்கறேன். எத்தன வருஷமா?"

"ஆறேழு வருஷம் இருக்கும். வாய் காயுது. இங்க காத்து அப்படி."

"எனக்குக் காயலயே. கண்ணு?"

மேஜையில் கண் சொட்டு மருந்து நின்றது. மைக்ராஸ்கோப் பார்க்கிறவளுக்குக் கண் எரியாமல் இருக்குமா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகத்தில் கல் வந்து நான் தரையில் புரண்டது ஞாபகம் வந்தது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்; அமிலத்தைத் தள்ளாத சிறுநீரகத்திலும் கல் சேரும். எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குகிற அதே கூட்டத்து எதிர்ப்பொருள் நுண்குழலையும் தாக்கும் என்பது எங்கள் லேபில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் தெரியும். நான் வருஷக்கணக்காக அதற்கு மேல் மிட்டாய் போட்டுச் சப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ரிக்கேயும் அதையேதான் செய்திருக்கிறாள். மிட்டாயால் நோய் வரவில்லை. நோய் வந்து வாய் காய்ந்ததால் மிட்டாய் வந்தது.

எஸ்பென் விளக்கைப் போட்டான். "ஒரு வழி இருக்கு. நீங்க நார்மல் இல்லன்னு நிரூபிச்சா, ஈ ஸ்லைடு தப்பு இல்ல. அது ரெண்டாவது சாட்சி. அப்புறம் ரிக்கேயோட ஸ்லைடு நிக்கும்."

"எப்படி நிரூபிக்கறது? எனக்குப் பொட்டாசியம் சரியா இருக்கு, ரத்தம் சரியா இருக்கு. நடக்கறேன், கத்தறேன்."

"உங்களுக்குப் பாதிதான் கெட்டிருக்கலாம். சும்மா இருக்கறப்போ தெரியாது. அமிலத்த உள்ள விட்டு, சிறுநீரகம் வெளிய தள்ளுதான்னு பாக்கணும். பழைய பரிசோதன ஒண்ணு இருக்கு. எதக் குடுப்பாங்க தெரியுமா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நவச்சாரம்."

ரிக்கேக்குப் போன் செய்தேன். மூன்று வாரமாகப் பேசாதவள் முழுவதையும் கேட்டாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "டாக்டரே உனக்கு நவச்சாரம் எழுதிக் குடுத்திருக்காரா? நான் வராம இருப்பேனா? மொத வரிசைல உக்காந்து பாப்பேன்!"

மார்ச் கடைசி வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. என் குடும்ப டாக்டர் சீட்டு எழுதி, முறைப்படி எஸ்பெனின் பகல் கிளினிக்கில் சேர்ந்தேன். காலை எட்டு மணிக்கு என் எடைக்குத் தக்கபடி அளந்த நவச்சாரம், காப்ஸ்யூல் காப்ஸ்யூலாக. மிட்டாயில் தூவுகிறதைப்போலப் பல மடங்கு. மணிக்கு ஒரு தடவை சிறுநீர், அதில் கருவி வைத்து அமில எண் பார்ப்பார்கள். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நல்ல சிறுநீரகம் ஐந்தேகாலுக்குக் கீழே இறக்கிவிடும். இறக்காவிட்டால் பம்பு கெட்டிருக்கிறது.

ரிக்கே வந்தவுடன் என் கைப்பையைத் திறந்து மிட்டாய் டப்பாவைப் பறிமுதல் செய்தாள். "பரிசோதன முடியற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

ஒன்பது மணிக்கு ஆறு புள்ளி எட்டு. பத்து மணிக்கு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எண் ஆறு புள்ளி எட்டு. பதினொரு மணிக்கு ஆறு புள்ளி ஐந்து.

"எறங்குதா?" என்றாள் ரிக்கே.

"எறங்குது சனியன்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக நான் நோயாளியாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இருபது வருஷமாக N ஆக இருந்தவள், இன்றைக்கு ஒரு நாள் N ஆக இருந்துவிட்டால் ரிக்கே பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியதுதான். இறங்காதே, அங்கேயே நில் என்று என் சிறுநீரகத்தைக் கெஞ்சினேன்.

ரிக்கே டப்பாவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "அக்கா, எனக்கு இது பிடிக்கல."

"என்ன பிடிக்கல?"

"நீ நோயாளியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு நான் இங்க உக்காந்திருக்கறது. ஒவ்வொரு தடவ நர்ஸ் வர்றப்பவும் அதான் வேண்டறேன். அசிங்கமா இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "எறங்கட்டும் விடு. பஸ் போனா போகுது. டிக்கெட் கவுண்டர்ல உக்காந்துக்கறேன்."

"வாய மூடு. நீ டிக்கெட் கவுண்டர்ல உக்காந்தா சனங்க நடந்தே போயிருவாங்க."

பன்னிரண்டு மணிக்கு ஆறு புள்ளி ஆறு. ஒரு மணிக்கு ஆறு புள்ளி ஐந்து. இரண்டு மணிக்கும் அதே ஆறு புள்ளி ஐந்து. அத்தனை நவச்சாரம் உள்ளே போயும் அது அசைந்து கொடுக்கவில்லை. மூன்று மணிக்குக் கடைசி எண்ணை எஸ்பெனே கையில் எடுத்துக்கொண்டு வந்தான். ஆறு புள்ளி ஆறு.

"சாரி, டோர்த்தே" என்றான்.

"என்னடா சாரி? காயிதத்த எடு, எழுது!"

என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே எழுதினான். நுண்குழலின் பம்பு செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருள், சீவலில் கண்ணால் பார்க்கப்பட்டது, மறைவான பழக்கம் எதுவும் இல்லை. தினமும் அமிலத்தை முறிக்கிற காரமும் பொட்டாசியமும் மருந்தாக எடுத்து, ரத்த அளவு நிலையாக நின்றதும் வண்டி ஓட்டலாம். 'மறைவான பழக்கம் எதுவும் இல்லை' என்ற வரியை ரிக்கே மூன்று தடவை படித்தாள். பிறகு காகிதத்தை மடித்து, டிரைவர் சீருடைச் சட்டையின் உள்பையில் வைத்தாள். வேலை இல்லாத நாளில் அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

எனக்குப் புதுக் கோப்பு திறக்க ஓர் இளம் டாக்டர் வந்தாள். பெயர், வயது, கல் வந்த வருஷம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏதாவது விசேஷமா சாப்பிடுவீங்களா?"

நான் ரிக்கேயைப் பார்த்தேன். டப்பா இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு டப்பா, டாக்டர், என்று அவள் சொல்லப்போகிறாள். எனக்கு வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்காவுக்கு வாய் காயுது, டாக்டர்" என்றாள் ரிக்கே. "ஏழு வருஷமா. மொதல்ல அத எழுதுங்க."

டாக்டர் எழுதினாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முகம் கோணியது, தோள் குலுங்கியது, ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ரிக்கே என் தாடையைப் பிடித்து டாக்டர் பக்கம் திருப்பினாள்.

"இதையும் எழுதுங்க."